பாப்பாவின் படுக்கை ஏன் வெறுமையாக இருக்க வேண்டும்?

மாணவர்களே, உங்கள் அக்காவுக்கோ சித்திக்கோ குழந்தை பிறக்கப் போகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். வீட்டார் எல்லாரும் குழந்தைப் பொருள்கள் விற்கும் கடைக்குப் போகிறார்கள். நீங்களும் உடன் போகிறீர்கள். கடையில் தொட்டில்கள் வரிசையாக நிற்கின்றன. ஒன்றில் கை வைத்தால் புதையும் மெத்தை. சுற்றிலும் பஞ்சு வைத்த தடுப்பு. பூப்போட்ட குட்டித் தலையணை. மூலையில் ஒரு கரடிப் பொம்மை. "பிள்ளைக்கு எவ்வளவு இதமாக இருக்கும்!" என்கிறார் பாட்டி. பக்கத்தில் இன்னொரு தொட்டில். தட்டையான, கெட்டியான மெத்தை, அதன் மேல் இறுக்கமாக விரித்த ஒரு துணி. வேறு ஒன்றுமே இல்லை.

எதை வாங்குவது? கண்ணுக்கு முதல் தொட்டில்தான் பிடிக்கும். ஆனால் பள்ளியில் நீங்கள் படித்த அறிவியல் இரண்டாவதைத்தான் தேர்ந்தெடுக்கச் சொல்லும். ஏன் என்பதை இந்த வாரம் பார்ப்போம்.

கட்டிலோரத் தொட்டில்

இப்போது பலர் வாங்குவது கட்டிலோரத் தொட்டில். இதன் மூன்று பக்கங்களில் தடுப்பு உயரமாக இருக்கும். நான்காவது பக்கத்தைத் தாழ்த்தித் தாயின் கட்டிலோடு ஒட்டி நிறுத்தலாம். நம் வீவக வீடுகளின் சிறிய அறைகளுக்கு இது வசதியானது. இரவில் பால் கொடுக்கத் தாய் எழுந்து நடக்க வேண்டியதில்லை.

வசதி மட்டுமன்று. குழந்தை குறைந்தது முதல் ஆறு மாதங்களுக்குப் பெற்றோரின் அறையிலேயே தூங்க வேண்டும், ஆனால் அவர்களின் மெத்தையில் தூங்கக்கூடாது என்பது அமெரிக்கக் குழந்தை மருத்துவர் கழகத்தின் பரிந்துரை. பெரியவர்களின் மெத்தை குழந்தைக்கு மிக மென்மையானது. அங்கே தலையணையும் போர்வையும் இருக்கும். அசதியில் பெரியவர் புரண்டு படுக்கவும் கூடும். அருகில் இருக்க வேண்டும், ஆனால் தனிப் படுக்கையில் இருக்க வேண்டும். கட்டிலோரத் தொட்டில் இந்த இரண்டையும் தருகிறது. ஆனால் சரியான தொட்டிலாக இருந்தால்தான் தரும்.

மூச்சும் மெத்தையும்

உங்கள் இரு உள்ளங்கைகளையும் கிண்ணம்போல் குவித்து வாய்க்கு முன்னால் வைத்து மெதுவாக மூச்சு விடுங்கள். வெளிவிட்ட வெப்பக் காற்று சற்று நேரம் அங்கேயே தங்குவதை உணர்வீர்கள். நாம் உள்ளிழுக்கும் காற்றில் கரியமிலவாயு ஏறத்தாழ 0.04 விழுக்காடு. வெளிவிடும் மூச்சில் அது ஏறத்தாழ 4 விழுக்காடு. அதாவது நூறு மடங்கு. உயிர்வாயுவோ 21 விழுக்காட்டிலிருந்து 16 விழுக்காடாகக் குறைந்துவிடுகிறது.

இப்போது குழந்தையின் முகம் மென்மையான மெத்தையில் புதைந்திருப்பதாக நினைத்துப் பாருங்கள். முகத்தைச் சுற்றி ஒரு குழி உண்டாகிறது. வெளிவிட்ட மூச்சு அந்தக் குழியிலேயே தங்குகிறது. அடுத்த மூச்சில் குழந்தை அதே காற்றையே மீண்டும் இழுக்கிறது. உங்களுக்கு அப்படி நேர்ந்தால் உடனே தலையைத் திருப்பிக்கொள்வீர்கள். பிறந்த குழந்தையால் அது முடியாது. அதன் தலை உடல் நீளத்தில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு. நமக்கு எட்டில் ஒரு பங்குதான். அவ்வளவு பெரிய தலையைத் தூக்கும் வலிமை அதன் கழுத்துத் தசைகளுக்கு இன்னும் வரவில்லை.

1991ல் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் ஜேம்ஸ் கெம்ப், பிராட்லி தாக் என்ற இரு மருத்துவ ஆய்வாளர்கள் இதைச் சோதனையில் காட்டினார்கள். பாலிஸ்டைரீன் மணிகள் நிரப்பிய மெத்தணைகளில் தூங்கிய குழந்தைகள் சிலர் இறந்திருந்தனர். வெளிவிட்ட மூச்சையே திரும்பத் திரும்ப இழுத்ததுதான் காரணம் என்று அவர்கள் விளக்கினார்கள். மறு ஆண்டே அமெரிக்க அரசு அத்தகைய மெத்தணைகளைத் தடை செய்தது.

ஆகவே மெத்தையை உள்ளங்கையால் அழுத்திப் பாருங்கள். கையை எடுத்ததும் பள்ளம் உடனே மறைய வேண்டும். கையின் அச்சு பதிந்து நின்றால் அந்த மெத்தை வேண்டாம். தலையணை, போர்வை, பஞ்சுத் தடுப்பு, பொம்மை எல்லாவற்றையும் விலக்கச் சொல்வதும் இதே காரணத்தால்தான். அவை அனைத்தும் மூச்சைத் தேக்கி வைக்கக் கூடியவை. தொட்டிலின் பக்கங்கள் வலையால் ஆனவையாக இருந்தால் காற்று நன்றாக உலவும். அந்த வலை தொய்வில்லாமல் இழுத்துக் கட்டப்பட்டிருக்க வேண்டும்.

சாய்வின் ஆபத்து

சில தொட்டில்களில் தலைப்பக்கத்தை உயர்த்தும் வசதி உண்டு. பால் எதுக்களிக்காமல் இருக்க அது உதவும் என்று விற்பனையாளர் சொல்லக்கூடும். ஓர் உறிஞ்சுகுழாயை எடுத்து நடுவில் மடக்குங்கள். அதன் வழியே ஊத முடிகிறதா? பிறந்த குழந்தையின் மூச்சுக்குழாய் ஏறத்தாழ 4 முதல் 5 மில்லிமீட்டர் அகலமே உள்ளது. சாய்ந்த படுக்கையில் கனமான தலை முன்னால் சரிந்து, மோவாய் நெஞ்சில் படும். அப்போது மூச்சுவழி மடங்கிக் குறுகுகிறது. குழந்தை அழக்கூட முடியாமல் போகலாம். எனவே சத்தம் கேட்டு ஓடி வரலாம் என்று இருக்க முடியாது.

2019 ஏப்ரலில் அமெரிக்காவில் ஏறத்தாழ 47 லட்சம் சாய்வுத் தொட்டில்களைக் கடைகளிலிருந்தும் வீடுகளிலிருந்தும் திரும்பப் பெற வேண்டியதாயிற்று. குழந்தைகள் பலர் அவற்றில் இறந்திருந்தனர். 10 டிகிரிக்கு மேல் சாயும் குழந்தைப் படுக்கைகளை 2022ல் அந்நாடு சட்டம் போட்டுத் தடை செய்தது. அதே சட்டம் பஞ்சுத் தடுப்புகளையும் தடை செய்தது.

10 டிகிரி என்பது எவ்வளவு? 80 செ.மீ. நீளமுள்ள மெத்தையின் ஒரு முனையை 14 செ.மீ. உயர்த்தினால் போதும். 80ஐ சைன் 10 டிகிரியால், அதாவது 0.174ஆல், பெருக்கிப் பாருங்கள். ஆனால் இது சட்டத்தின் மேல் எல்லை மட்டுமே. குழந்தை தூங்கும் படுக்கை கிடைமட்டமாகவே இருக்க வேண்டும்.

இங்கே நம் வீட்டு ஏணையைப் பற்றியும் பேச வேண்டும். சேலையிலோ சாரோங்கிலோ கட்டிய தொட்டிலில் வளர்ந்தவர்கள் நம்மில் பலர். ஆனால் துணித் தொட்டிலில் குழந்தையின் உடல் வில்போல் வளைகிறது. முகம் துணியோடு ஒட்டவும் கூடும். கெட்டியான, தட்டையான படுக்கை என்ற விதிக்கு அது பொருந்தவில்லை. பாட்டியோடு சண்டை போட வேண்டாம். பக்கத்தில் ஒருவர் பார்த்துக்கொண்டே ஆட்டட்டும், குழந்தை தூங்கியதும் தட்டையான படுக்கைக்கு மாற்றிவிடலாம் என்று சொல்லுங்கள்.

மல்லாந்து படுத்தால் புரையேறாதா?

இது பல பெரியவர்களின் அச்சம். உடலமைப்பைப் பார்ப்போம். மூச்சுக்குழாய் உணவுக்குழாய்க்கு முன்னால் இருக்கிறது. மல்லாந்து படுக்கும்போது மூச்சுக்குழாய் மேலேயும் உணவுக்குழாய் கீழேயும் அமைகின்றன. எதுக்களித்து வரும் பால் மூச்சுக்குழாய்க்குள் போக வேண்டுமானால் ஈர்ப்பு விசையை எதிர்த்து மேலே ஏற வேண்டும். குப்புறப் படுத்தாலோ மூச்சுக்குழாய் கீழே வந்துவிடுகிறது. அப்போதுதான் பால் அதற்குள் இறங்குவது எளிது.

இந்த அச்சம் மருத்துவர்களுக்கும் இருந்தது. உலகப் புகழ்பெற்ற குழந்தை மருத்துவர் பெஞ்சமின் ஸ்போக், 1950களில் வெளிவந்த தம் நூலின் பதிப்பில், குழந்தையைக் குப்புறப் படுக்க வைப்பதே நல்லது என்று எழுதினார். லட்சக்கணக்கான பெற்றோர் அதைப் பின்பற்றினார்கள். காரணம் தெரியாமல் குழந்தைகள் தூக்கத்தில் இறப்பது நிற்கவில்லை. பின்னர் ஆய்வாளர்கள் தரவுகளை ஒப்பிட்டபோது, குப்புறப் படுத்த குழந்தைகளே அதிகமாக இறந்தது தெரிந்தது. பிரிட்டனில் 1991லும் அமெரிக்காவில் 1994லும் குழந்தையை மல்லாந்து படுக்க வைக்கச் சொல்லும் இயக்கங்கள் தொடங்கின. இரு நாடுகளிலும் இத்தகைய இறப்பு பாதிக்கும் மேல் குறைந்தது.

2005ல் பிரிட்டிஷ் ஆய்வாளர்கள் பழைய ஆய்வுகளை எல்லாம் ஒன்றுசேர்த்துக் கணக்கிட்டார்கள். 1970 அளவிலேயே அந்தச் சான்றுகளை யாரேனும் முறையாகத் தொகுத்திருந்தால், பிரிட்டனில் மட்டும் 10,000க்கும் அதிகமான குழந்தைகளைக் காப்பாற்றியிருக்கலாம் என்பது அவர்களின் மதிப்பீடு. ஸ்போக் குழந்தைகள்மீது அக்கறை இல்லாதவர் அல்லர். நல்ல எண்ணம் இருந்தது, சோதித்த சான்று இல்லை. கடையில் தலையணையை எடுக்கும் பாட்டியும் அப்படித்தான்.

ஓர் அடிக்கோல் போதும்

பிறந்த குழந்தையின் தலைச் சுற்றளவு ஏறத்தாழ 35 செ.மீ. தலையை வட்டமாகக் கொண்டு, அதை 3.14ஆல் வகுத்தால் விட்டம் ஏறத்தாழ 11 செ.மீ. கம்பிகளுக்கு நடுவே 9 செ.மீ. இடைவெளி இருந்தால் தலை போகாது, ஆபத்தில்லை என்று தோன்றும். அதுதான் தவறு. குழந்தையின் கால்களும் இடுப்பும் அந்த இடைவெளியில் நழுவிப் போய்விடும். தலை மட்டும் மாட்டிக்கொள்ளும். உடல் எடை முழுவதும் கழுத்தில் தொங்கும். ஆகவே இடுப்பே நுழையாத அளவுதான் பாதுகாப்பானது. அமெரிக்க விதிப்படி கம்பிகளின் இடைவெளி 6 செ.மீ.க்கு மேல் போகக்கூடாது. ஐரோப்பியத் தரநிலையில் அது 4.5 முதல் 6.5 செ.மீ. வரை. மிகக் குறுகலாக இருந்தால் கை கால் சிக்கும் என்பதால்தான் கீழ் எல்லையும் வைத்திருக்கிறார்கள்.

சில நாடுகளில் குளிர்பானக் கலனைக் கம்பிகளுக்கு நடுவே செருகிப் பார்ப்பார்கள். அது நுழைந்தால் தொட்டில் ஆபத்தானது. நம் கடைகளில் மெலிந்த கலன்களும் விற்கப்படுவதால் அந்தச் சோதனையை நம்ப வேண்டாம். அடிக்கோலால் அளந்துவிடுங்கள். மெத்தைக்கும் தொட்டிலின் பக்கத்துக்கும் நடுவே இரண்டு விரல்களுக்கு மேல் நுழையக்கூடாது.

கட்டிலோரத் தொட்டிலில் இன்னோர் இடைவெளியும் உண்டு. அது தாயின் கட்டிலுக்கும் தொட்டிலுக்கும் நடுவில் இருப்பது. தாய் கட்டிலிலிருந்து எழும்போது கால் தரையைத் தள்ளுகிறது, உடல் கட்டிலைத் தள்ளுகிறது. ஒவ்வொரு விசைக்கும் எதிர்விசை உண்டு என்பது நியூட்டனின் மூன்றாம் விதி. சக்கரம் வைத்த தொட்டில் இப்படி ஒவ்வோர் இரவும் சிறிது சிறிதாக விலகும். அந்தப் பிளவில் குழந்தையின் முகம் சிக்கினால் போதும். எனவே தொட்டிலைக் கட்டிலோடு இறுக்கும் பட்டைகள் கட்டாயம் வேண்டும். சக்கரங்களைப் பூட்ட வேண்டும். தாழ்த்திய பக்கத்தின் மேல்விளிம்பு தாயின் மெத்தையைவிட உயரமாக இருக்கக்கூடாது. பிளவு தெரிந்தால் துண்டையோ தலையணையையோ திணித்து அடைக்கக்கூடாது. பட்டைகளை மீண்டும் இறுக்க வேண்டும். தாய் கட்டிலில் இல்லாதபோது தாழ்த்திய பக்கத்தை உயர்த்திவிட வேண்டும். குழந்தை கையையும் முட்டியையும் ஊன்றி எழ முயலும் நாளில் இந்தத் தொட்டிலின் காலம் முடிந்தது. அப்போது உயரமான பக்கங்கள் உள்ள கட்டிலுக்கு மாற்ற வேண்டும்.

போர்வை இல்லாவிட்டால் குளிராதா?

2 செ.மீ. பக்கமுள்ள கனசதுரத்தில் பரப்பளவைக் கனஅளவால் வகுத்தால் 3 வரும். 10 செ.மீ. கனசதுரத்தில் 0.6தான் வரும். சிறிய பொருள்களுக்கு அவற்றின் அளவோடு ஒப்பிட வெளிப்பரப்பு அதிகம். ஆகவே குழந்தையின் உடல் விரைவில் குளிரும், விரைவில் சூடாகவும் செய்யும். மிகையான சூடும் தூக்க இறப்புக்கான ஆபத்துகளில் ஒன்று. நம் தட்பவெப்பத்தில் மெல்லிய பருத்தி உடை போதும். குளிர்சாதன அறையில் உடம்போடு அணியும் தூக்க உடை போட்டுவிடலாம். வீட்டுக்குள் தொப்பி வேண்டாம். சூட்டைக் கையிலோ காலிலோ பார்க்காமல் நெஞ்சிலோ பிடரியிலோ தொட்டுப் பாருங்கள்.

கடைக்குப் போகும்போது

பெட்டியில் தரநிலை எண்ணைத் தேடுங்கள். கட்டிலோரத் தொட்டிலுக்கு ஐரோப்பாவின் இஎன் 1130 அல்லது அமெரிக்காவின் ஏஎஸ்டிஎம் எஃப் 2906 இருக்க வேண்டும். உறவினர் கொடுக்கும் பழைய தொட்டிலானால் ஆணிகள், பட்டைகள், பூட்டுகள் எல்லாம் இருக்கின்றனவா என்று எண்ணிப் பாருங்கள். பக்கம் மேலும் கீழும் நழுவும் பழைய வகைக் குழந்தைக் கட்டில்களை அமெரிக்கா 2011லேயே தடை செய்துவிட்டது. அவற்றை இரவலாகவும் வாங்க வேண்டாம்.

பயிற்சி: ஒரு தொட்டிலின் மெத்தை 90 செ.மீ. நீளம். அதன் தலைப்பக்கம் 20 செ.மீ. உயர்த்தப்பட்டுள்ளது. சாய்வுக் கோணம் என்ன? அது 10 டிகிரியைத் தாண்டுகிறதா? (விடை: ஏறத்தாழ 13 டிகிரி. தாண்டுகிறது.)

அடுத்த முறை குழந்தை உள்ள வீட்டுக்குப் போகும்போது தொட்டிலை ஒருமுறை கவனியுங்கள். உள்ளே குழந்தையைத் தவிர வேறு எதுவும் இருந்தால், அது ஏன் அங்கே இருக்கக்கூடாது என்பதைப் பெரியவர்களிடம் பணிவாக எடுத்துச் சொல்லுங்கள். காரணம் இப்போது உங்களுக்குத் தெரியும்.