சட்டத்தரணியிடம் போகுமுன்

இடம்பெயர்ந்தபோது உறுதி தொலைந்ததென்று காணி வழக்கையே கைவிட்டோர் நம்மிடையே பலர். உறுதி எழுதிய நொத்தாரிசு அதன் இரண்டாம் பிரதியைக் காணிப் பதிவகத்துக்கு அனுப்பியிருப்பார். பதிவேடு அழியாதிருந்தால் அங்கே அத்தாட்சிப்படுத்திய பிரதி எடுக்கலாம். அதையும் கொண்டே சட்டத்தரணியிடம் போவோம்.

அவரிடம் நாம் எதிர்பார்ப்பது பெரிய ஆங்கிலம் அல்ல. நமது கதையைப் பொறுமையாகக் கேட்டு, வழக்கின் பலத்தையும் பலவீனத்தையும் விளங்கும் தமிழில் சொல்ல வேண்டும். முதல் நாளே "வெற்றி நிச்சயம்" என்பவரிடம் நிதானமாய் இருப்போம்.

கட்டணம் கேட்கத்தான் நமக்குக் கூச்சம். சந்தையில் கத்தரிக்காய்க்கு விலை பேசுகிறோமே! முழு வழக்குக்கும் ஒரே தொகையா, தவணைக்குத் தவணையா? முத்திரைச் செலவு அதில் அடங்குமா? வழக்கு ஒத்திவைக்கப்பட்டாலும் கொடுக்க வேண்டுமா? தவணைக் காசு முதலில் இலேசாகத் தெரியும். பங்குபிரிப்பு வழக்கு ஆண்டுக்கணக்கில் இழுபட்டால் அதுவே காணியின் பெறுமதியைத் தின்னத் தொடங்கும். காசுக்குப் பற்றுச்சீட்டும், மூலப் பத்திரம் ஒப்படைத்தால் எழுத்தும் வாங்குவோம். கையெழுத்திடும் பத்திரத்தை வாசித்துக் காட்டச் சொல்வோம்.

வசதி குறைந்தோருக்கு, 1978ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டத்தின்கீழ் அமைந்த சட்ட உதவி ஆணைக்குழு உண்டு. வருமானம் பார்த்தே உதவுவார்கள்.

தாமதம்தான் ஆபத்து. தனியார் காணியைப் பத்து ஆண்டு எதிரிடையாக ஆண்டவர் உரித்துக் கோர இடமுண்டு.