இறால், மீன் ஒவ்வாமை: தோல் தடிப்பின் காரணத்தைக் கண்டறியும் வழிமுறை

தீங்கற்ற உணவுப் புரதம் ஒன்றைப் பகையாகக் கொண்டு நோய் எதிர்ப்பு மண்டலம் எதிர்வினை புரிவதே உணவு ஒவ்வாமை ஆகும். அப்புரதத்துக்கு எதிராக முன்னரே உருவாகியிருக்கும் ஐஜிஇ என்னும் எதிர்ப்பொருள் தோலிலும் குடலிலும் மூச்சுப்பாதையிலும் உள்ள மாஸ்ட் செல்களைத் தூண்ட, அவை ஹிஸ்டமின் முதலான வேதிப்பொருள்களை வெளியிடுகின்றன. நுண்ணிய இரத்தக் குழாய்கள் விரிந்து நீர் கசிவதால் தோல் சிவந்து, தடித்து, அரிக்கிறது. மக்கள் வழக்கில் காணாக்கடி எனப்படும் இத்தடிப்புக்குக் காரணங்கள் பல. எனவே கடலுணவு உண்டபின் தடிப்பு கண்டவர்கள் கீழ்க்காணும் வரிசையில் செயற்படுவது நலம்.

1. ஆபத்து அறிகுறிகளைப் பார்த்தல்

தடிப்புடன் மூச்சுத்திணறல், குரல் கம்முதல், நாக்கு வீக்கம், அடங்காத வாந்தி, மயக்கம் ஆகியவற்றுள் ஒன்று சேர்ந்தாலும், அதனை அனாஃபிலாக்சிஸ் என்னும் உயிராபத்தான நிலையாகக் கருதி உடனே 108-ஐ அழைக்க வேண்டும். இதற்கு முதன்மை மருந்து தொடையின் வெளிப்புறத் தசையில் செலுத்தப்படும் அட்ரினலின் ஊசியே. செட்ரிசின் போன்ற மாத்திரைகள் அரிப்பைத் தணிக்குமேயன்றி மூச்சையும் இரத்த அழுத்தத்தையும் மீட்க மாட்டா. நோயாளியைப் படுக்கவைத்துக் கால்களை உயர்த்தி வைக்க வேண்டும். மூச்சுத்திணறல் மிகுந்தவரை உட்கார வைக்கலாம். எவரையும் எழுந்து நடக்க விடலாகாது. தணிந்த அறிகுறிகள் சில மணி நேரத்தில் மீண்டும் தலைதூக்கக்கூடும் என்பதால் மருத்துவமனைக் கண்காணிப்பும் தேவை.

2. நேரத்தையும் உணவையும் குறித்தல்

உணவு ஒவ்வாமைத் தடிப்பு பெரும்பாலும் உண்ட சில நிமிடங்களில் தொடங்கி இரண்டு மணி நேரத்துக்குள் தோன்றும். தனித்தனித் தடிப்புகள் வழக்கமாக ஒரு நாளுக்குள் தழும்பின்றி மறையும். உண்ட பொருள், அதன் அளவு, தடிப்பு தொடங்கிய நேரம், அன்று உட்கொண்ட வலிநிவாரணி, செய்த உடற்பயிற்சி ஆகியவற்றை எழுதிவைத்து, தடிப்பைப் படமெடுத்துக்கொள்ள வேண்டும். ஆறு வாரங்களுக்கு மேலாக அன்றாடம் வந்துபோகும் காணாக்கடிக்கு உணவு காரணமாவது அரிது.

3. கெட்ட மீனின் விளைவைப் பிரித்தறிதல்

சூரை, கானாங்கெளுத்தி, மத்தி போன்ற மீன்கள் பிடித்தபின் போதிய பனிக்கட்டியில் வைக்கப்படாவிடில், பாக்டீரியாக்கள் அவற்றின் தசையிலேயே ஹிஸ்டமினை உண்டாக்கிவிடுகின்றன. குழம்பு எவ்வளவு கொதித்தாலும் இந்த ஹிஸ்டமின் அழிவதில்லை. ஆகையால் முகம் சிவந்து உடல் தடிப்பது ஒவ்வாமை போலவே தோன்றினும், அது உண்மையில் நஞ்சேற்றமே. ஒரே மீனை உண்ட பலருக்கும் ஒருசேர அறிகுறி தோன்றுவதும், அதே வகை மீனைப் புதிதாக உண்ணும்போது ஒன்றும் நேராமையும் இதற்கான தடயங்கள்.

4. மருத்துவச் சோதனை செய்தல்

ஒவ்வாமை மருத்துவர் தோலில் புரதச் சாற்றின் துளியை வைத்து, அதன் வழியே மெல்லக் குத்தி, 15 முதல் 20 நிமிடத்தில் எழும் தடிப்பை அளப்பார். ஹிஸ்டமின் எதிர்ப்பு மாத்திரைகள் முடிவை மறைக்கும் என்பதால் அவற்றை எப்போது நிறுத்துவது என்பதை முன்கூட்டியே கேட்டறிய வேண்டும். இச்சோதனையோ இரத்தத்தில் ஐஜிஇ அளவிடலோ நேர்மறையாவது உடல் கூருணர்வு பெற்றிருப்பதை மட்டுமே காட்டும். உண்ட வரலாறும் அதனோடு பொருந்தினால்தான் ஒவ்வாமை எனலாம். ஐயம் நீடித்தால், மருத்துவமனையில் சிறிது சிறிதாக உண்ணவைத்துச் சோதிப்பர். வீட்டில் இதனை முயலலாகாது.

5. உறுதியானதை மட்டும் விலக்குதல்

இறாலில் ஒவ்வாமையைத் தூண்டும் முதன்மைப் புரதமான டிரோபோமயோசின் வெப்பத்தைத் தாங்கவல்லது. நண்டு, சிங்கி இறால் ஆகியவற்றிலும் இதனை ஒத்த புரதம் இருப்பதால் அவற்றையும் மருத்துவர் விலக்கச் சொல்லக்கூடும். மீனின் முதன்மை ஒவ்வாமைப் புரதமான பார்வால்புமின் வேறானதாகையால், இறால் ஒவ்வாதவர் மீனையும் கைவிட வேண்டும் என்பதில்லை. உணவகங்களில் இறால் பொரித்த எண்ணெயிலேயே பிறவும் பொரிக்கப்படுகின்றனவா என்று கேட்பதும், கூனிப்பொடி சேர்ந்த தொக்குகளைத் தவிர்ப்பதும் இன்றியமையாதவை. உறையிட்ட உணவுகளில் இறாலினம், மீன், பால், முட்டை, வேர்க்கடலை முதலிய ஒவ்வாமைப் பொருள்களை அறிவிக்க இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2020-ஆம் ஆண்டு விதிகள் வலியுறுத்துவதால், அச்சிடப்பட்ட பட்டியலை ஒவ்வொரு முறையும் படிக்க வேண்டும். குழந்தைகளின் பால், முட்டை ஒவ்வாமை வளர வளரப் பெரும்பாலும் நீங்கினும், இறால், மீன் ஒவ்வாமை நீடிப்பதே மிகுதி. ஆகவே மறுசோதனையின் காலத்தை மருத்துவரே முடிவு செய்ய வேண்டும்.