கூதிர்காலத்தில் என்ன படிக்கிறோம்?



இந்த மாதச் சுவர்ப் பத்திரிகைக்கு "நம் மாணவர்கள் இப்போது எதை விரும்பிப் படிக்கிறார்கள் என்று விசாரித்து எழுது" என்று தமிழ் டீச்சர் சொன்னார்கள். நான் முதலில் என் பக்கத்தில் இருப்பவளிடம் கேட்டேன். "பாடப்புத்தகம்தாம்ட்டி, வேற என்ன?" என்றாள். வகுப்பே சிரித்தது. ஆனால் விடாமல் கேட்டால் எல்லாரும் ஏதாவது ஒன்று படிக்கத்தான் செய்கிறார்கள்.

1. இது என்ன காலம்?

தமிழர்கள் ஓர் ஆண்டை ஆறு பெரும்பொழுதாகப் பிரித்தார்கள். அதில் ஐப்பசியும் கார்த்திகையும் கூதிர்காலம். வடகிழக்குப் பருவமழை பெய்யும் காலம் இது. வங்கக் கடலில் காற்றழுத்தத் தாழ்வு வந்தால் தூத்துக்குடி துறைமுகத்தில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றுவார்கள். 1-ஆம் எண் என்றால் புயல் தூரத்தில் இருக்கிறது. 3-ஆம் எண் என்றால் நம் துறைமுகத்திலேயே பலத்த காற்று வீசலாம். 8, 9, 10 பெரிய அபாயம். 11 என்றால் வானிலை மையத்தோடு தொடர்பே அறுந்துவிட்டது என்று அர்த்தம்.

கூண்டு ஏற்றினால் கடலுக்குப் போகக் கூடாது. அப்பாமார் எல்லாரும் வீட்டில் இருப்பார்கள். கையில் காசு இருக்காது, கரண்டும் போய்விடும். ஆனால் படிக்க நேரம் இருக்கும்.

2. யார் யார் எதைப் படிக்கிறார்கள்?

டீக்கடைக்குப் பால் வாங்கப் போகிற பையன்கள் தினத்தந்தியில் முதலில் பார்ப்பது கன்னித்தீவு. 1960-இல் ஆரம்பித்த படக்கதை அது. எங்கள் தாத்தாவுக்கும் சிந்துபாத்தைத் தெரியும், என் தம்பிக்கும் தெரியும்! தினத்தந்தியை 1942-இல் மதுரையில் தொடங்கிய சி.பா. ஆதித்தனார் நம் திருச்செந்தூர் பக்கத்துக் காயாமொழிக்காரர். எழுத்துக் கூட்டிப் படிப்பவருக்கும் புரியவேண்டும் என்று எளிய தமிழில் பத்திரிகை நடத்தினார்.

வேறு சிலர் தெனாலிராமன் கதை, பேய்க்கதை, தீபாவளி மலரில் வருகிற சிரிப்புத் துணுக்கு படிக்கிறார்கள். ஒருத்தி மட்டும் விடுகதைப் புத்தகத்தை மூன்று மாதமாகத் திருப்பித் தரவில்லை. (பெயர் சொல்லமாட்டேன். தயவுசெய்து கொடுத்துவிடவும்.)

3. புத்தகத்துக்கும் நம் கடற்கரைக்கும் உள்ள உறவு

1578 அக்டோபர் 20-ஆம் தேதி கொல்லத்தில் "தம்பிரான் வணக்கம்" என்ற நூல் அச்சானது. தமிழ் எழுத்தில் அச்சான முதல் நூல் இதுதான். மொத்தம் 16 பக்கம். அதை உருவாக்கியவர் அண்ட்ரிக் அடிகளார் என்ற போர்ச்சுக்கீசியப் பாதிரியார். அவர் பல வருடம் வாழ்ந்து தமிழ் படித்தது நம் முத்துக்குளித்துறையில்தான். அச்சு வேலைக்கு இந்தக் கடற்கரை மக்களும் பணம் கொடுத்தார்கள். 1586-இல் அவருடைய "அடியார் வரலாறு" புன்னைக்காயலில் அச்சானது என்று வரலாற்று நூல்கள் சொல்கின்றன. நம் தூத்துக்குடி மாவட்டம் பிறந்ததும் அதே அக்டோபர் 20-தான், வருடம் 1986.

4. நம் பக்கத்து எழுத்தாளர்கள்

பாரதியார் பிறந்தது எட்டயபுரம், 1882. வ.உ.சி. பிறந்தது ஓட்டப்பிடாரம், 1872. வ.உ.சி. கப்பல் ஓட்டினார், செக்கு இழுத்தார் என்று நமக்குத் தெரியும். அந்தச் சிறையில் இருந்துகொண்டே ஜேம்ஸ் ஆலன் என்பவரின் ஆங்கில நூலை "மனம்போல வாழ்வு" என்று தமிழாக்கினார் என்பது பலருக்குத் தெரியாது. அவர் மறைந்த நாள் 1936 நவம்பர் 18. தேசிய நூலக வாரம் நவம்பர் 14 முதல் 20 வரை. அவர் நினைவுநாள் அதற்குள்ளேயே வருகிறது.

இடைசெவல் கி. ராஜநாராயணன் அதிகம் பள்ளிக்கூடம் போகாதவர். மழைக்குத்தான் பள்ளிக்கூடத்தில் ஒதுங்கினேன், அங்கேயும் மழையைத்தான் வேடிக்கை பார்த்தேன் என்று வேடிக்கையாகச் சொல்வாராம். அவருக்கு 1991-இல் சாகித்ய அகாதமி விருது கிடைத்தது. கோவில்பட்டிப் பக்கத்துப் பூமணி 2014-இலும், கண்மாயைப் பற்றிய "சூல்" நாவலுக்காகச் சோ. தர்மன் 2019-இலும் அதே விருது பெற்றார்கள். உவரியில் பிறந்த ஜோ டி குருஸ் நம் துறைமுகத்தைப் பற்றி எழுதிய "கொற்கை"க்கு 2013-இல் கிடைத்தது. அது ஆயிரம் பக்கத்துக்கு மேல். "கொஞ்சம் பெரியவளானதும் படி" என்றார்கள் டீச்சர். காத்திருக்கிறேன்.

5. நனைந்த புத்தகம்

2023 டிசம்பர் 17, 18 வெள்ளத்தை மறக்க முடியாது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 செ.மீ. மழை. நான் அப்போது ஏழாம் வகுப்பு. எங்கள் வீட்டில் இடுப்பளவு தண்ணீர். கட்டிலுக்கு அடியில் டிரங்குப் பெட்டிக்குள் பள்ளி நூலகத்துக் கதைப் புத்தகம் ஒன்று இருந்தது. தண்ணீர் வடிந்தபிறகு பார்த்தால் ஊறின ரொட்டி மாதிரி உப்பிப்போய்க் கிடந்தது. பயத்தில் ஒரு மாதம் சொல்லாமல் மறைத்தேன்.

கடைசியில் அழுதுகொண்டே டீச்சரிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர்கள் திட்டவில்லை. "புத்தகம் போனா போவுது. கதை உன்கிட்ட இருக்குல்லா? அத வகுப்புல சொல்லு" என்றார்கள். சொன்னேன். ஆனால் ஒரு கதைக்கு முடிவு ஞாபகம் வரவில்லை! படபடவென்று பக்கத்தைப் புரட்டியிருக்கிறேன், அவ்வளவுதான். அன்றிலிருந்து ஒரு கதை படித்தால் யாரிடமாவது சொல்லிவிடுவேன். இது நல்ல பழக்கம், நீங்களும் செய்து பாருங்கள்.

6. தாத்தா கேட்ட கேள்வி

போன வாரம் மழை நாளில் முத்துக்குளிப்பு பற்றிய பாடம் ஒன்றைத் தாத்தாவுக்கு வாசித்துக் காட்டினேன். தாத்தா சங்கு குளித்தவர், கைநாட்டுதான். கல்லைப் பிடித்துக் கடலடிக்கு இறங்குவது, மூச்சடக்கிச் சிப்பி பொறுக்குவது, முத்தின் பளபளப்பு எல்லாம் அதில் இருந்தது. கேட்டுவிட்டுத் தாத்தா, "நாத்தத்த எழுதிருக்கானா?" என்றார்.

எனக்குப் புரியவில்லை. பிறகு விளக்கினார். சிப்பியைக் குவித்து அழுகப் போட்டு, சதை கரைந்தபிறகு கழுவித்தான் முத்து எடுப்பார்களாம். கரை முழுக்க வாடை அடிக்குமாம். நம் பக்கம் கடைசியாக முத்துக்குளிப்பு நடந்தது 1961-இல். தாத்தா அப்போது சிறுவர். "எத்தன சிப்பி தொறந்தாலும் ஒண்ணு ரெண்டுலதாம்ளா முத்து இருக்கும்" என்றார்.

அந்தப் பாடத்தில் நாற்றம் இல்லை. அது தாத்தாவிடம் மட்டும் இருக்கிறது. தாத்தாவுக்கு இப்போது மறதி வந்துவிட்டது. சில நாள் என்னை அத்தை பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார். அதனால் ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கி அவர் சொல்வதை எழுத ஆரம்பித்திருக்கிறேன். ஒன்பது பக்கம் ஆகியிருக்கிறது. எழுதியதை வாசித்துக் காட்டினால் "அப்படி இல்ல, இப்படி" என்று திருத்துகிறார். இந்தக் கூதிர்காலத்தில் நான் விரும்பிப் படிப்பது அந்த நோட்டைத்தான். நோட்டைப் பாலிதீன் கவரில் சுற்றிப் பரணில் வைத்திருக்கிறேன்.

7. நாம் செய்ய வேண்டியவை

* நூலக வாரத்துக்குள் ஒரு புத்தகமாவது எடுத்து முடிக்க வேண்டும்.
* படித்த கதையை வீட்டில் ஒருவருக்குச் சொல்ல வேண்டும்.
* வீட்டுப் பெரியவர் சொல்வதில் ஒரு பக்கமாவது எழுதி வரவேண்டும். நல்லதை அடுத்த இதழில் போடுவோம்.

கேள்வி நேரம் (விடைகள் மேலேயே இருக்கின்றன)

1) தமிழ் எழுத்தில் அச்சான முதல் நூல் எது?
2) 11-ஆம் எண் புயல் கூண்டு எதைக் குறிக்கும்?
3) வ.உ.சி. சிறையில் தமிழாக்கிய நூல் எது?

எழுத்துப் பிழை இருந்தால் பென்சிலால் வட்டம் போடவும். பேனாவால் கிறுக்க வேண்டாம்.

– ஒன்பதாம் வகுப்பு மாணவி