காய்ச்சாத தேன்: யாருக்கு நல்லது, யாருக்கு ஆகாது?

ராஜா அண்ணாமலைபுரம் போன்ற பகுதிகளில் அடுக்குமாடிக் கட்டடங்களின் விளிம்பில் மலைத்தேனீக் கூடு தொங்குவதை மாணவர்கள் பார்த்திருப்பார்கள். கூட்டைப் பிழிந்து எடுத்த தேன் எல்லா நோய்க்கும் மருந்து என்றும் கேட்டிருப்பார்கள். இதில் எவ்வளவு உண்மை என்பதை நுண்ணுயிரிகள் பாடத்தோடு சேர்த்தே நடத்தலாம்.

தேனில் சுமார் 80 விழுக்காடு சர்க்கரை. நீர் ஏறத்தாழ 20 விழுக்காட்டுக்குள். இந்த அடர்த்தியில் பாக்டீரியாவின் செல்லிலிருந்து நீர் வெளியேறிவிடும். சவ்வூடு பரவலுக்கு ஊறுகாயைப் போலவே இதுவும் நல்ல எடுத்துக்காட்டு. தேனீ சேர்க்கும் நொதியால் ஹைட்ரஜன் பெராக்சைடும் உண்டாகிறது. அதிகச் சூடு அந்த நொதியைச் சிதைக்கும். காய்ச்சாத தேனின் சிறப்பு பெரும்பாலும் இவ்வளவுதான்.

சளி இருமலுக்குத் தேன் இதம் தரும். ஆனால், சர்க்கரை நோயாளிக்குத் தீங்கில்லை என்பது தவறு. உலக சுகாதார நிறுவனம் 2015இல் வெளியிட்ட வழிகாட்டுதல், குறைக்க வேண்டிய சர்க்கரைகளில் தேனையும் சேர்த்திருக்கிறது.

தண்ணீரில் விட்டால் கரையாமல் அடியில் இறங்குவது சுத்தத் தேன் என்ற சோதனையை வகுப்பில் செய்து பாருங்கள். கூடவே கெட்டியான வெல்லப்பாகையும் ஒரு துளி விடுங்கள். அதுவும் இறங்கும்!

முக்கியமான செய்தி இனிமேல்தான். தேனில் பாக்டீரியா வளராது. ஆனால் உறங்கும் நிலையில் இருக்கலாம். கிளாஸ்ட்ரிடியம் பாட்டுலினம் என்ற பாக்டீரியாவின் ஸ்போர்கள் தேனில் அழியாமல் கிடக்கக்கூடும். பெரியவர்கள் குடலில் அவை பொதுவாக முளைப்பதில்லை. ஒரு வயது நிரம்பாத குழந்தையின் குடலில் முளைத்து நஞ்சை உண்டாக்கலாம். மலச்சிக்கல், மெலிந்த அழுகை, பால் உறிஞ்ச முடியாமை, கழுத்துத் தளர்ச்சி எனத் தொடங்கி மூச்சுத்திணறல் வரை போகும். அரிதான நோய்தான், ஆனால் உடனே மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டியது. வீட்டில் கொதிக்கவைத்தாலும் இந்த ஸ்போர்கள் சாவதில்லை. ஆகவே கடைத்தேனும் கூடாது.

பிறந்த குழந்தையின் நாவில் தேன் தொட்டுச் சேனை வைக்கும் வழக்கம் நம் வீடுகளில் இன்னும் இருக்கிறது. பாட்டி ஆசையோடு செய்வதை ஆறாம் வகுப்புப் பிள்ளை மறுத்துப் பேச முடியாது. அந்தச் சுமையைப் பிள்ளையின் தலையில் வைக்கவும் கூடாது. பெற்றோர் கூட்டத்தில் ஆசிரியரே சொல்வது நல்லது. குழந்தையின் வாயில் முதலில் படுவது தாயின் சீம்பாலாக இருக்கட்டும், ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டும் போதும், தேன் முதல் பிறந்தநாளுக்குப் பிறகு என்று சொன்னால் பெரியவர்களும் மனம் கோணாமல் கேட்டுக்கொள்வார்கள்.