மெல்லிய சுவரில் டிவி

கேள்வி: அமெரிக்காவில் வசிக்கிறோம். எங்கள் டிராவல் டிரெய்லரின் உள்சுவரில் 32 அங்குல டிவி மாட்டலாமா? தட்டினால் அட்டைபோலச் சத்தம் வருகிறது.

பதில்: மாட்டலாம், அந்தப் பலகையை மட்டும் நம்பி வேண்டாம். பெரும்பாலும் அது 3 மி.மீ. ப்ளைவுட்தான், ஓடும் வண்டியின் குலுக்கலில் திருகுத் துளை பெரிதாகி, டிவி பெயர்ந்து விழும். உள்ளிருக்கும் சட்டங்களைத் தேடுங்கள். சிறு காந்தத்தைச் சுவரில் நகர்த்துங்கள். ஸ்டேப்பிளோ ஆணியோ இழுக்கும் இடத்தில் பெரும்பாலும் சட்டம் இருக்கும். இரண்டு சட்டங்களுக்குக் குறுக்காக 12 மி.மீ. ப்ளைவுட் துண்டைத் திருகி, அதன்மேல் வால் மவுண்ட்டைப் பொருத்துங்கள். திருகின் நீளம் அளவோடு இருக்கட்டும். உள்ளே மின்கம்பி ஓடலாம், நீளமான திருகு மறுபக்கமும் துளைத்துக்கொண்டு வரலாம். நீளும் கை உள்ள மவுண்ட் என்றால் பூட்டு கட்டாயம். என்னைக் கேட்டால், பயணத்தின்போது டிவியைக் கழற்றிப் போர்வை சுற்றி வைத்துவிடுவதே நல்லது.