சொந்த விமானத்திற்கு ரேடியோக் கேபிள் தெரிந்தெடுத்தல்

அமெரிக்க தேசத்தில் தம் வீட்டுக் கொட்டகையிலேயே சிறு விமானம் கட்டிப் பறப்போர் பலர். அன்னோர்க்கென 1953-ல் மில்வாக்கி நகரில் ஒரு சங்கமும் தோன்றிற்று. தொழிற்சாலை விமானத்தின் ஒவ்வொரு கம்பிக்கும் பொறுப்பேற்க நிபுணர் உளர். தானே கட்டுபவனுக்கோ தானே பொறுப்பாளி. ஆதலின், ரேடியோப் பெட்டியை வான்கம்பியோடு இணைக்கும் கேபிளைத் தெரிந்தெடுக்கும் விதத்தை ஈண்டுச் சிறிது ஆராய்வோம்.

இது கோஆக்ஸியல் கேபிள் எனப்படும். நடுவே செப்புக் கம்பி, அதைச் சூழ மின்காப்புப் பொருள், அதன்மேல் உலோகப் பின்னல், புறத்தே உறை என நான்கு பகுதிகளுடையது. 1880-ல் இங்கிலாந்தில் ஹெவிஸைட் என்பார் இவ்வமைப்பிற்குக் காப்புரிமை பெற்றார்.

முதலாவது நோக்கத்தக்கது மின்மறிப்பு. விமான ரேடியோவும் அதன் வான்கம்பியும் 50 ஓம் அளவுக்கு அமைந்தவை. டெலிவிஷன் கேபிளோ 75 ஓம். அளவு பொருந்தாவிடில் சக்தியில் ஒரு பகுதி வந்த வழியே திரும்பும். எனவே 50 ஓம் கேபிளே உரியது.

இரண்டாவது, சக்தி நஷ்டம். விமானிகள் பேசுவது 118 முதல் 137 மெகாஹெர்ட்ஸ் வரை. இங்கு ஆர்.ஜி.-58 என்னும் மலிவான கேபிள் 3 மீட்டர் நீளத்தில் ஏறக்குறையப் பத்திலொரு பங்கு சக்தியையே விழுங்கும். காதுக்கு அது புலப்படாது. ராடாருக்கு 1090 மெகாஹெர்ட்ஸில் விடையளிக்கும் டிரான்ஸ்பாண்டருக்கோ அதே நீளத்தில் மூன்றிலொரு பங்கு போய்விடும். விலையுயர்ந்த ஆர்.ஜி.-400 கேபிளிலும் இந்நஷ்டம் பெரிதும் குறைவதில்லை. இதற்குப் பரிகாரம் கேபிளைக் குறுக்குவதேயாம்.

அங்ஙனமாயின் அதிக விலை கொடுப்பதேன் எனின், கூறுதும். ஆர்.ஜி.-58இன் உட்காப்பு பாலிஎதிலீன். சுமார் 80 டிகிரி சென்டிகிரேடுக்கு மேல் அது இளக, நடுக்கம்பி இடம்பெயர்ந்து பின்னலைத் தொடவுங் கூடும். அதன் பி.வி.ஸி. உறை எரியுங்கால் மூச்சடைக்கும் அமிலப் புகையை எழுப்பும். ஆகாயத்தில் ஜன்னலைத் திறந்து வெளியேற இடமேது? ஆர்.ஜி.-400இன் டெஃப்லான் காப்போ 200 டிகிரி வரை தாங்கும், எளிதில் தீப்பற்றாது. வெள்ளி பூசிய இரட்டைப் பின்னல், இஞ்சினின் தீப்பொறியால் எழும் இரைச்சலையும் நன்கு தடுக்கும்.

நிற்க. எக்கேபிளாயினும் அதன் விட்டத்தின் பத்து மடங்குக்குக் குறைந்த ஆரத்தில் வளைத்தலாகாது. முனை இணைப்புகளும் செவ்வையாயிருத்தல் வேண்டும். சிறு விமானத்திற்கு வேண்டுவது சில மீட்டர்களே. அச்சிறு செலவு வாங்கித் தருவது உரத்த ஒலியையன்று. புகையும் வெப்பமும் சூழ்ந்த நேரத்திலும் அறாத பேச்சையேயாம்.