வேகாத கறி பேர் வாங்கிய கதை

கேள்வி: அமெரிக்காவின் ஆஸ்டின் நகரில் வேலை பார்க்கும் என் மகன், பேர்போன ‘பார்பிக்யூ’ கடை ஒன்றில் மாட்டு நெஞ்சுக்கறிக்காகக் காலையிலிருந்தே வரிசையில் நின்றானாம். அதற்கு ஏன் இத்தனை மவுசு? எப்படித் தோன்றியது?
– ஒரு வாசகி, கணியம்பாடி

பதில்: கசாப்புக் கடையில் பிறந்த உணவு அது. 19-ஆம் நூற்றாண்டில் டெக்சாஸின் நடுப்பகுதியில் குடியேறிய ஜெர்மானியரும் செக் மக்களும் கறிக்கடை வைத்தார்கள். குளிர்பெட்டி இல்லாத காலம். விற்காமல் மிஞ்சிய கறியைப் புகையில் வேகவைத்து விற்றார்கள். பருத்தி எடுக்க வந்த கூலிக்காரர்கள் அதைக் கடைத்தாளில் வைத்தே சாப்பிட்டார்கள். குழி வெட்டித் தணலில் கறி சமைத்த கறுப்பின மக்களின் கைப்பக்குவமும் இதில் சேர்ந்தது. லாக்ஹார்ட் ஊரின் க்ரூஸ் மார்க்கெட் 1900-இல் தொடங்கியது. ஆஸ்டினில் ஃபிராங்க்ளின் பார்பிக்யூ 2009-இல் ஒரு வண்டிக்கடையாகத்தான் ஆரம்பித்தது.

மாட்டின் உடல் பாரத்தைத் தாங்குவதில் நெஞ்சுத் தசைக்குப் பெரும்பங்கு உண்டு. அதனால் அதில் சவ்வு அதிகம்; அவசரமாகச் சமைத்தால் மெல்லவே முடியாது. ஓக் விறகின் புகையில், 110 முதல் 130 டிகிரிச் சூட்டில், 12 மணி நேரத்துக்குக் குறையாமல் கிடந்தால், சவ்விலுள்ள கொலாஜன் கரைந்து ஜெலட்டின் ஆகிறது. மேலே கன்னங்கரேல் என்று மிளகும் உப்பும் கலந்த பொருக்கு. வெட்டினால் உள்ளே நெய்ப்பசையோடு நெகிழும் கறி. மவுசுக்குக் காரணம் இதுதான்.

கேள்வி: நம் பக்கத்தில் அதற்கு இணையாக ஏதாவது உண்டா?

பதில்: ஏன் இல்லை? ஆம்பூர் பிரியாணி இருக்கிறதே! ஆர்க்காட்டு நவாபின் சமையல்கட்டிலிருந்து வந்த பக்குவம் என்பது ஊர் வழக்கு. தோல் தொழிற்சாலைகளும் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையும் அதற்கு ஆட்களைக் கொண்டுவந்து சேர்த்தன. ஊறவைத்து அரைத்த காய்ந்த மிளகாய், தயிர், புதினாவோடு கறி முதலில் வேகும். முக்கால் பதம் வெந்த சீரகச் சம்பாவை வடித்து அதில் சேர்ப்பார்கள். பிறகு தேக்சாவை மூடி, மூடிமேல் தணலை அள்ளிப் போட்டுத் தம் கட்டுவார்கள். மூடி திறந்ததும் ஓரத்தில் கரண்டியை விட்டு, அரிசி உடையாமல் அடியிலிருக்கும் கறியை மேலே கொண்டுவருவதில் மாஸ்டரின் கைத்திறன் தெரியும்.

கேள்வி: பிரியாணியோடு கத்தரிக்காய் தருவது எதற்கு?

பதில்: டெக்சாஸில் கொழுப்புக் கறிக்குத் துணையாக ஊறுகாய், பச்சை வெங்காயம், ரொட்டி வைக்கிறார்கள். இங்கே புளிவிட்ட கத்தரிக்காயும் தயிர்ப் பச்சடியும் அதே வேலையைச் செய்கின்றன. புளிப்பு, நெய்யின் திகட்டலை அடக்கும். உங்கள் மாவட்டத்து இலவம்பாடி முள்ளுக் கத்தரிக்காய் 2023-இல் புவிசார் குறியீடும் பெற்றுவிட்டது.

ஒன்று சொல்லியாக வேண்டும். 2022 மே மாதம் ஆம்பூரில் பிரியாணித் திருவிழா அறிவித்தபோது பட்டியலில் மாட்டுக்கறி பிரியாணி இல்லை. எதிர்ப்பு எழுந்தது, மழையைக் காரணம் காட்டி விழா தள்ளிவைக்கப்பட்டது. மாநில எஸ்.சி., எஸ்.டி. ஆணையம் மாவட்ட ஆட்சியரிடம் விளக்கம் கேட்டது. உழைப்பாளிகள் சாப்பிட்ட மாட்டுக்கறியை டெக்சாஸ் தன் பெருமையாகச் சொல்லிக்கொள்கிறது. ஆம்பூரின் பெருமையைப் பேசும்போது, அந்த ஊர் உழைப்பாளிகள் சாப்பிடும் பிரியாணியையும் சேர்த்தே பேசுவோம். மகன் ஊருக்கு வரும்போது ஆம்பூருக்கு அழைத்துப் போங்கள்.